கூரை தொடாத சுவர்

மலாயாவில் லிங்கி கித்தா (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ரகசியம் வைத்துக்கொள்ள வழியே இருந்ததில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்ற பலகைச் சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரக் கூரை வரைக்கும் காற்றும் பேச்சும் எல்லாருக்கும் பொது. மூன்றாம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது இருமலில் தெரியும். எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் வெறும் ரசம் என்பது வாசனையில் தெரியும். யார் குடித்துவிட்டு வந்தார், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், முன்பணம் கேட்டுத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் திட்டு வாங்கியவர் யார் என்பதெல்லாம் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் ஊரறிந்த சேதி.

அப்படிப்பட்ட இடத்தில்தான் எங்கள் பெண்கள் மர்ம நாவலுக்குத் தவித்தார்கள். என் பாட்டிக்கும் அவர் வயதுப் பெண்களுக்கும் எழுத்து தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஐந்தாம் வகுப்பை எட்டிய பெண் பிள்ளைகள் வாசிக்க, அவர்கள் கேட்பார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த வேலை எனக்கு வந்தது. வெட்டுக்காட்டிலிருந்து திரும்பி, ரப்பர் பால் நிறுத்து, குளித்து, சமைத்து, ஆண்களுக்குப் போட்டு முடித்தபின் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போனவர்கள் கொண்டுவந்த புத்தகங்கள், மேலட்டை போனவை, சிலவற்றில் கடைசிப் பக்கங்களே இல்லாதவை. ஆரணி குப்புசாமி முதலியார் இருந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் இருந்தார். பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் பெயர்: வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் புத்தகம் வந்துவிட்டால் அடுத்த லயத்திலிருந்தும் ஆள் வரும்.

"இரு, இரு. அந்தக் கடுதாசிய வேலைக்காரிதான் எடுத்திருப்பா. அவ எப்ப உள்ள வந்தான்னு திருப்பிப் படி ஆயி" என்பார் பாட்டி. நான் பக்கத்தைத் திருப்புவேன். பெரும்பாலும் பாட்டி சொன்னதுதான் சரியாக இருக்கும். கடைசிப் பக்கம் இல்லாத நாவல்களுக்கு அவர்களே முடிவு சொல்லி, அதன் மேல் சண்டையும் போட்டுக்கொள்வார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. பால் கொட்டாயில் கிராணி மெட்ரோலாக் என்ற அளவுமானியைப் பாலில் விட்டுப் பார்ப்பதற்கு முன்பே, யார் வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது வரிசையில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். எந்த நிரையில் யார் எத்தனை மரம் விட்டுவிட்டுப் போனார் என்று மங்குக் கிண்ணத்தில் நிற்கும் பாலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள் அவை. பார்த்ததைச் சொல்லத்தான் அவர்களுக்கு இடமில்லை. துரையிடம் சொல்ல முடியாது, கங்காணியிடம் சொன்னால் வேலை போகும். விளக்கடியில், கதைக்குள் வரும் ஒரு ஜமீன்தார் வீட்டைப் பற்றி மட்டும் தாராளமாகத் தீர்ப்புச் சொல்லலாம்.

கோதைநாயகி அம்மாள் யார் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியவளாகி, ஆசிரியையாகி, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் எங்கள் லயத்துப் பெண்கள் அவரிடம் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது விளங்கியது. 1901இல் காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூரில் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடமே போகாதவர். திருவல்லிக்கேணியில் புகுந்த வீட்டில்தான் படிக்கக் கற்றார். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதத் தெரியாத ஒரு பெண் சொன்ன கதையை, வாசிக்கத் தெரியாத பெண்கள் கடல் கடந்து ஒரு கித்தா தோட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

முதல் நாவல் 'வைதேகி'. 1925இல் வடுவூராரின் தூண்டுதலால் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, அதிலேயே தொடராக வெளியிட்டார். ஆரம்ப நாவல்களில் துப்பறிதல் நிறையவே உண்டு. காணாமல் போகும் கடிதம், மாறுவேடம், பூட்டிய அறை, பொய்ச் சாட்சி, அபாண்டம் சுமத்தப்பட்ட மருமகள் என்று போகும். மொத்தம் 115 நாவல்கள். அதே 1925இல் சென்னை வந்த காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். மேடை ஏறினார், பாடினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் சிறைக்குப் போனார். சிறைக்குள்ளும் நாவல் எழுதினார். வெளியே கணவர் பார்த்தசாரதி பத்திரிகையை நிற்கவிடாமல் நடத்தினார். காந்தி மறைந்த 1948இல் திருவல்லிக்கேணியில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கினார். மகனைப் பறிகொடுத்த துயரம் உடம்பை உருக்க, 1960 பிப்ரவரியில் காலமானார். அவர் போய்ச் சில ஆண்டு கழித்துத்தான் நான் லிங்கியில் விளக்கடியில் உட்கார்ந்து அவர் புத்தகத்தை வாசித்திருக்கிறேன்.

'மணிக்கொடி' இதழின் வழிவந்த விமர்சகர்கள் அவரைப் பெரிதாக எண்ணியதில்லை. கதை சுற்றி வளைக்கிறது, உபதேசம் மிகுதி என்பார்கள். சுற்றி வளைக்கிறதுதான், உபதேசமும் இருக்கிறதுதான். ஆனால் பொதுத்தொண்டு ஒரு பக்கம், மர்மக் கதை ஒரு பக்கம் என்று அவரை இரண்டாகப் பிரித்துப் பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய மர்மம். அதை வெளியே கொண்டுவர ஒரு துப்பறிகிறவன் தேவைப்பட்டான், ஒரு பூட்டு உடைய வேண்டியிருந்தது. தெருவில் இறங்கி அவர் செய்ததும் அதைத்தான். வெகு தொலைவில், வெகு காலம் கழித்து இன்னொரு பெண்ணிடமும் இதைப் பார்க்கிறேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி பார்பரா நீலி, பிட்ஸ்பர்க்கில் சிறைத் தண்டனை பெற்ற பெண்களுக்கான சமூக இல்லத்தை நடத்தியவர். 1992இல் அவர் எழுதிய முதல் மர்ம நாவலில் துப்பறிகிறவள் பிளான்ச் ஒயிட் என்ற வீட்டு வேலைக்காரி. முதலாளிகள் அவளை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. அதனால் அவள் முன்னால் எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். என் பாட்டி இருந்திருந்தால் அந்தக் கதையை ஒரே மாலையில் முடிக்கச் சொல்லியிருப்பார்.

கள்ளுக்கடையைச் சொல்லாமல் அந்தக் காலத்து லிங்கியைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கோதைநாயகி கள்ளுக்கடை வாசலில் நின்றதற்காகச் சிறை போனார். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கே கொண்டுவந்தார். அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது, தமிழ்ப் பள்ளி போல, ஆயாக் கொட்டகை போல. அதன் லாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே மனைவியின் அடுப்பை அணைத்த காசில் ஒரு பகுதி, திருவிழாவாகவும் பந்து விளையாட்டாகவும் அவள் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கடைகளின் முன்னால் மறியலுக்கு நின்றார்கள்; போலீஸ் பாய்ந்தது. லிங்கியில் அப்படி எதுவும் நடந்ததாகப் பாட்டி சொல்லிக் கேட்டதில்லை. அவர் செய்த மறியல் வேறு மாதிரி. சம்பள நாளன்று மாலை பெண்கள் கூட்டமாக வந்து, கடைக்குப் போகும் பாதை ஓரத்தில் பேன் பார்க்கிற சாக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மனைவியும் மாமியாரும் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, சிலராவது திரும்பிப் போனார்கள்.

அடியும் உதையும் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் பானை உருண்டால் பத்து வீட்டில் விளக்கு எரியும். "ஏய், போதும் நிறுத்துடா!" என்று சுவருக்கு மேலே ஒரு கிழவியின் குரல் போகும். அதற்கும் நிற்காவிட்டால் வயதான ஆண்கள் இரண்டு பேர் போய் அவனைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைப்பார்கள். லயத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஏழெட்டுப் பேர், பொதுக் கக்கூஸ், மழை பெய்தால் தகரத்தின் இரைச்சல். ஒரு வயது வந்த பெண்ணுக்கு உடை மாற்ற மறைவு கிடையாது. எங்களுக்கு ஒரு முழுச் சுவர் வேண்டும் என்று அம்மா வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டார். அந்த ஆசையில் ஒரு தவறும் இல்லை.

இப்போது முழுச் சுவர் வந்துவிட்டது. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. காட்டில் இறங்கும் கைகள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. லயத்து மக்கள் லுக்குட், போர்ட்டிக்சன், சிரம்பான், அதையும் தாண்டிக் கிள்ளான் என்று சிதறி, மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். சிமெண்டுச் சுவர் கூரை வரை போகிறது. கதவுக்கு முன்னால் இரும்புக் கிராதி, கிராதிக்கு இரண்டு பூட்டு. ஓய்வு பெற்றபின் தொண்டு வேலையில் இறங்கிய நாளிலிருந்து நான் இந்தக் கிராதிகளின் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கோதைநாயகியின் நாவலில் ஒரு பெண்ணை அறைக்குள் பூட்டிவைத்திருப்பார்கள், வெளியே அவள் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். அதை வாசித்தபோது பாட்டி நம்பவே மறுத்தார். "ஒரு பொம்பளைய அடைச்சு வச்சா அக்கம் பக்கம் தெரியாமப் போவுமா? கதைக்காரங்க என்ன வேணா எழுதுவாங்க" என்றார். அவர் உலகத்தில் அது நடக்க முடியாத காரியம். நான் பார்க்கிற உலகத்தில் அது நான்காம் மாடியில் நடக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், "அவங்கள நாங்க பாக்கறதே இல்ல டீச்சர், ஊருக்குப் போயிருப்பாங்க போல" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடப்புக்கு வந்தது. 15999 என்ற உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பாட்டி காலத்தில் சட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. குரல் மட்டும் இருந்தது. இன்று சட்டமும் எண்ணும் இருக்கின்றன. அழைக்க வேண்டியவளின் கைப்பேசி அவன் சட்டைப் பையில் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் ஒரு தடவையாவது காது கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

நாவல்களில் வரும் மற்ற விஷயங்களும் ஒவ்வொன்றாக எங்கள் மக்களிடம் வந்து சேர்ந்துவிட்டன. உயிலும் சொத்தும் இல்லாத லயத்தில் கள்ளக் கையெழுத்து என்பது கதையில் மட்டுமே இருந்தது. இன்று ஆலோங் எனும் கந்துவட்டிக்காரனிடம் மகன் வாங்கிய கடனுக்குத் தாயின் அடையாளக் கார்டு நகல் போயிருக்கிறது. ஒரு நாள் காலையில் கதவில் சிவப்புச் சாயம் வீசியிருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிகிறது.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைப்பது ஆள் யார் என்ற கேள்வி. கதையில் வரும் கதாநாயகிக்குத் தான் யார் மகள் என்று தெரியாது. கடைசி அத்தியாயத்தில் ஒரு பெட்டி திறக்கும், ஒரு கடிதம் கிடைக்கும். நான் சந்திக்கிறவர்களுக்குத் தாங்கள் யார் மகள், எந்த லயத்தில், எந்த வீட்டில் பிறந்தோம் என்று நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும் காகிதம்தான் இல்லை. தோட்டத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைகளில் பலரைப் பதிவு செய்ய யாரும் போகவில்லை. அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் பட்டணம் போனால் அரை நாள் கூலி போகும். பிறப்புப் பத்திரம் இல்லாததால் நீல அடையாளக் கார்டு இல்லை. சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறினார்கள். எங்கள் வரிசையிலும் வீடுகள் காலியாயின. போகாமல் தங்கியவர்களில் சிலர் இன்றுவரை இங்கேயே பிறந்து வளர்ந்த அந்நியர்கள்.

சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை மலாயாக் கூட்டரசில் பிறந்த எவரும் பிறப்பினாலேயே குடிமக்கள். தாய் தந்தை யார் என்ற கேள்வி இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பொதுவாகப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். என்னிடம் வந்த ஓர் அம்மா 1961இல் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சட்டப்படி பிறந்த அன்றே மலாயாக் குடிமகள். அறுபது வயதைத் தாண்டியும் சிவப்புக் கார்டு. "இந்த ஐ.சி. நீலமா மாறினா, செத்தாக்கூட சந்தோஷமாச் சாவேன் டீச்சர்" என்றார்.

அவருக்காகத் தேடியதை எழுதினால் அதுவே ஒரு மர்ம நாவல். தோட்டம் கை மாறிக் கை மாறி, தொழிலாளர் பெயர் எழுதிய பழைய செக்ரோல் ஏடுகள் போன இடம் தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. டிரஸ்ஸர் காலமாகிவிட்டார். எஞ்சியிருந்தது தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. மலேசியாவில் தோட்டங்கள் அழிந்த பிறகும் தமிழ்ப் பள்ளிகள் பல இடங்களில் பெயரோடும் ஏட்டோடும் நிற்கின்றன. எங்கள் மக்களின் ஒரே ஆவணக் காப்பகம் அவைதாம் என்று சொல்வேன். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, தந்தை பெயர் இருந்தது, பிறந்த தேதியும் இருந்தது. ஆனால் தந்தை பெயரின் கடைசி எழுத்துகள் சிவப்புக் கார்டில் ஒரு மாதிரி, ஏட்டில் ஒரு மாதிரி. அந்தக் காலத்துக் கிராணிகள் காதில் விழுந்ததை எழுதினார்கள். ஒரே லெட்சுமி மூன்று காகிதத்தில் மூன்று பேராக நிற்பது இங்கே சாதாரணம்.

அதனால் பிறப்பை நேரில் அறிந்த சாட்சி வேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டே போனதில், அவர் பிறந்த லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பாட்டியம்மா ரந்தாவ் பக்கம் மகளோடு இருப்பது தெரிந்தது. தொண்ணூறை நெருங்கும் வயது, கண் பார்வை குறைவு, நினைவு மட்டும் கூர்மை. சத்தியப் பிரமாணம் எடுக்கும் இடத்தில் அவரிடம், பிறந்தபோது நீங்கள் அந்த வீட்டுக்குள் இருந்தீர்களா என்று கேட்டார்கள். "உள்ள மருத்துவச்சி மட்டும்தான். நான் என் வீட்ல இருந்தேன்" என்றார். அப்படியானால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி. "சொவருதான் பாதியில நின்னுருமே ஐயா. மொத அழுகைய நான்தானே கேட்டேன். பொட்டப்புள்ளைன்னு அவங்க சொன்னதும் நான்தானே அப்பங்காரனக் கூப்புட்டு விட்டேன்" என்றார். எழுதிக்கொண்டிருந்த இளைஞருக்குப் புரியவில்லை. லயம் என்பது எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று ஒரு தாளில் நான் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தாளையும் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

விண்ணப்பம் உள்ளே போயிருக்கிறது. அந்த அம்மா காத்திருக்கிறார். நடுவில் இன்னொரு குடும்பம் வந்திருக்கிறது. தாய் வெளிநாட்டவர், தந்தை இங்கே பிறந்த குடிமகன், கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம். 1982 மார்ச் 1க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர் திருமணமும் அரசுப் பதிவில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அதில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் வழியையே சேரும். பையன் இங்கே பிறந்தவன், தமிழ்ப் பள்ளியில் படித்தவன், நான்கு பாடத்தில் முதல் மாணவன். சோதனை எழுத அடையாளக் கார்டு கேட்கிறார்கள். இந்த வழக்கில் பழைய சட்டத்தின் தேதி துணைக்கு வராது. குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்து, தந்தைக்கும் பிள்ளைக்குமான உறவை ஒவ்வொரு தாளாகக் காட்ட வேண்டும். கோயிலின் கல்யாண ரசீது, பிரசவத்துக்குத் தந்தை கட்டிய பணத்தின் ரசீது, பள்ளியில் அவர் கையெழுத்துப் போட்ட தேர்ச்சி அறிக்கைகள் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

லிங்கி, சீலியாவ், ரந்தாவ், சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள், இருந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டை மாற்றும்போது பழைய தகரப் பெட்டிகளைப் பார்க்காமல் வீசாதீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை, சங்கச் சந்தா ரசீது, திருவிழாக் கணக்கு நோட்டு, பின்பக்கம் தேதி எழுதிய கல்யாணப் படம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். படத்தில் ஓரமாக நிற்கும் யாரோ ஒருவருக்கு, அந்த நாளில் அவர் இந்த நாட்டில் இருந்தார் என்பதற்கு உங்கள் வீட்டுப் படம் மட்டுமே சாட்சியாக இருக்கலாம். பழைய கோயில் ரசீதுப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிவையுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.